கோயில் சுற்றும் போஞ்சி

லீக்ஸ் வாசம் ஒட்டிய ஜெர்சியோடு
ஆராய்ச்சி நிலையத்துப் படியேறி வந்தார் சன்னாசி.
கந்தப்பளை மேட்டில் கால் ஏக்கர், குத்தகை.
தலைக்கு மேலே பெரிய லைன்.
மழை நாளில் அது பொரிகிறதாம்,
தாச்சியில் கடுகு போட்ட மாதிரி.

"போஞ்சி எப்பவும்
கோயில சுத்துற மாதிரி சுத்தாது மிஸ்.
எதிர்ப்பக்கந்தான்.
லைனுக்குக் கீழ ஒண்ணு மட்டும்
கோயில சுத்துது."

போய்ப் பார்த்தேன்.
மூடுபனி கம்பியை மறைத்திருந்தது,
சத்தத்தை மறைக்கவில்லை.
இருநூற்றுப் பன்னிரண்டு கொடிகள் எண்ணினேன்.
அவர் சொன்னது சரி.
ஒன்று மட்டும்
வலமாக, பக்தியாக, குச்சியில் ஏறிக்கொண்டிருந்தது.
யாராவது கையால் திருப்பிவிட்டிருக்கலாம்.
அவருடைய மகள் நிரோஷினி
என் முகத்தைப் பார்க்காமல் கரட் கழுவினாள்.
"கையால சுத்துனா ரெண்டு நாள்ல கழண்டுரும்" என்றார்.
அதுவும் சரிதான்.

புலம் என்றால் எங்கள் மொழியில் வயல்.
கண்ணுக்கும் காதுக்கும் தோலுக்கும் எட்டுவதும் புலம்.
மின்காந்தப் புலமோ
எந்தப் புலனுக்கும் எட்டாமல்
பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு நிற்கிறது.
நிலையத்தில் அது
மரச்சட்டத்தில் சுற்றிய இரண்டு செம்புச் சுருள்,
நடுவே ஈரப்பஞ்சில் விதைகள்.
பக்கத்து அறையில் அதே சட்டம், அதே செம்பு,
கரண்ட் மட்டும் இல்லை.

வேர்நுனியை அமிலத்தில் நனைத்து
சாயம் விட்டு
கண்ணாடித் துண்டின் மேல்
பெருவிரலால் நசுக்குகிறேன்.
நிறமூர்த்தங்கள் இருபத்திரண்டு,
சீரகம் சிந்தின மாதிரி.
கலம் இரண்டாகும்போது வழி தவறும் துண்டு
ஓரத்தில் குட்டிக் கருவாய்ச் சுருண்டு கிடக்கும்.
அதைத்தான் தேடுகிறேன்.
ஆயிரம் கலத்தில்
புலத்துக்குள்ளே மூன்று.
வெளியே இரண்டு.
கூடுதலான அந்த ஒன்று
லைனுடையதா,
என் பெருவிரலுடையதா?

மூன்றாம் இரவு இராகலைப் பக்கம் மரம் விழுந்து
ஆறு மணி நேரம் கரண்ட் இல்லை.
மெழுகுதிரி வெளிச்சத்தில் குறிப்பேட்டில் எழுதினேன்:
"இரவு 11.40 முதல் காலை 5.40 வரை
இரு அறைகளும் ஒன்றே."
பெரியவர் திலகசிறி அந்த வரியை அடிக்கச் சொன்னார்.
அடிக்கவில்லை.

லைன் போட்டவர்களின் கடிதம்
"பாதிப்பு இல்லை" என்று எழுதச் சொல்லாமல் சொன்னது.
நட்டஈட்டு மனுவை டைப் அடித்த கிளார்க்கரோ
"பாதிப்பு" என்று கேட்டார்.
அவர்களுக்கு நடுவே ஒரேயொரு சொல்.
எனக்கு அதைப் போடவும் தெரியவில்லை,
எடுக்கவும் தெரியவில்லை.

அந்தக் கொடியில் முற்றிய நெற்று ஒன்றுதான்.
ஏழு விதை.
லைன் எட்டாத தொட்டியில் ஏழையும் நட்டேன்.
முப்பதாம் நாள்
ஏழும் எதிர்ப்பக்கம் சுற்றின,
தாய்க்கொடி செய்த காரியத்தை
பரம்பரையலகு கேள்விப்படவே இல்லை என்பது போல.

"அப்ப லைன் நல்லதுன்னு எழுதிட்டீங்களா?"
"ஏழு போதாது."
கோபப்படுவார் என்று நினைத்தேன்.
பிளேன்டீயை அடிவரை குடித்தார்.
கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த போகம் முடிந்து
இரண்டு பால்மா டின்னோடு வந்தார்.
ஒன்றில் சிவப்பு நூல், மற்றதில் வெள்ளை.
"ஒண்ணு லைனுக்குக் கீழ வெளைஞ்சது.
ஒண்ணு ஆத்தோரம்.
ஒவ்வொண்ணுலயும் ஆயிரத்துக்குக் கொறையாது."

எது எது?

"அத நான் சொல்ல மாட்டேன்.
சொன்னா ஒங்க கண்ணு சாஞ்சுரும்.
எண்ணி முடிங்க, பொறகு பார்ப்போம்."
நிரோஷினிக்கும் தெரியாதாம்.

பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று இறங்கிவிட்டார்.
சிவப்பு நூலை அவிழ்க்கிறேன்.
மேசை விளக்கு ஒருமுறை மங்கி, திரும்ப வருகிறது.
நேரத்தைக் குறித்துக்கொள்கிறேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்றாவதைப் பூச்சி அரித்திருக்கிறது,
தனியே வைக்கிறேன்.